குறை கூறும் நாவும் திருத்தும் கையும்

கணினித் தமிழில் பிழை மலிந்துள்ளது என்று வருந்துவோர் கெடா மாநிலத்துத் தமிழாசிரியருள் பலர். ஒற்று மிகவேண்டிய இடத்தில் மிகவில்லை. மொழிபெயர்ப்பு தமிழாக இல்லை. தோட்டத்துப் பிள்ளை நாள்தோறும் காணும் செம்பனையைச் சொற்பட்டியல் அறியவில்லை என்பர். குறை உண்மையாகவே இருக்கட்டும். குறை கூறியவருள் திருத்தி அனுப்பியவர் எத்தனை பேர்?

திறமூல மென்பொருளின் மூலநிரல் எல்லார்க்கும் திறந்து வைக்கப்பட்டது. அதனைப் படிக்கலாம், மாற்றலாம், பிறர்க்கு வழங்கலாம். 1991இல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸ், உலகத்தார் அனுப்பிய திருத்தங்களால் வளர்ந்தது. பயர்பாக்ஸ், லிப்ரே ஆபிஸ் ஆகியவற்றைத் தமிழாக்கியோரும் தன்னார்வலரே.

“இது பொறியாளர் வேலை, தமிழாசிரியர்க்கு இங்கென்ன பணி?” என்பர் சிலர். இது சோம்பலுக்கு இட்ட போர்வை. பிழையைச் சுட்டல், விடுபட்ட சொல்லைச் சேர்த்தல், உதவிக்குறிப்பைத் தெளிவாக்கல் ஆகியவற்றுக்கு நிரலறிவினும் மொழியறிவே முதன்மை. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில் தமிழ் நூல்களைத் தட்டெழுதி மெய்ப்புப் பார்த்தோர் எல்லாரும் பொறியாளரா?

“அனுப்பினாலும் ஏற்கமாட்டார்” என்பர் வேறு சிலர். இருபது மாற்றங்களை ஒரே மூட்டையாகக் கட்டிக் காரணமும் கூறாது அனுப்பினால் எவர் ஏற்பார்? முறை எளிது. புதியவர் முதலில் அத்திட்டத்தின் வழிகாட்டியைப் படிக்க வேண்டும். அப்பிழையை வேறொருவர் முன்பே சுட்டியுள்ளாரா என நோக்க வேண்டும். மூலத்தின் புதிய படியை எடுத்து, ஒரு பிழையை மட்டும் திருத்தி, இயக்கிச் சோதிக்க வேண்டும். எது பிழை, ஏன் பிழை, எவ்வாறு திருத்தப்பட்டது என இரண்டு மூன்று வரிகளில் எழுதி அனுப்ப வேண்டும். பொறுப்பாளர் குறை சொன்னால் சினவாது மீண்டும் திருத்த வேண்டும். மாணவர் கட்டுரையைத் திருத்தி மறுபடி எழுதச் சொல்லும் ஆசிரியர்க்கு இது புதிதா?

பொறுப்பாளர்க்கும் கடமை உண்டு. புதியவரின் முதற் பிழையை எள்ளி நகையாடுவோர், பள்ளியின் வாயிலை அடைத்துவிட்டு மாணவர் வரவில்லையே என்று புலம்புவோரை ஒப்பர்.

சிறு பங்கின் ஆற்றலைக் கெடா அறியும். தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில், துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை நிறுவினார். பால்வெட்டுத் தொழிலாளர் மாதந்தோறும் சிறுதொகை செலுத்திப் பங்குதாரராயினர். அச்சங்கம் முதலில் வாங்கிய புக்கிட் சீடிம் தோட்டம் இம்மாநிலத்தது. தனியொருவர் பங்கு சிறிதே. ஆயினும் தோட்டம் அவர்களுடையதாயிற்று. திறமூலமும் அத்தகைய கூட்டுடைமையே. பங்கு செலுத்த வேண்டியது பணமன்று, உழைப்பு.

பிழையான திரையைக் கண்டு வளரும் பிள்ளை பிழையையே இலக்கணமெனக் கொள்ளும். பின்னர் வகுப்பறையில் ஆசிரியர் எத்துணை உரக்கக் கூவினும் பயனில்லை. சுங்கை பட்டாணியிலும் கூலிமிலும் பாலிங்கிலும் உள்ள ஒவ்வொரு தமிழ்ப்பள்ளியும் ஆண்டுக்கு ஒரு திருத்தமேனும் அனுப்பட்டும். அதன் பின்னர்க் குறை கூறுக, அக்குறைக்கு மதிப்பிருக்கும்.