ரமலான் தந்த ஒழுங்கை ஏன் கலைக்க வேண்டும்?

அல்லாஹ்வின் திருப்பெயரால் தொடங்குகிறோம்.

 

ஹிஜ்ரி 1446 ஆம் ஆண்டின் ரமலான், தமிழகத்தில் 2025 மார்ச் 2 அன்று முதல் நோன்புடன் தொடங்கி, இருபத்தொன்பது நோன்புகளோடு நிறைவுற்றது. மார்ச் 31 அன்று பெருநாள் கொண்டாடினோம். அல்ஹம்துலில்லாஹ்! அவ்வாண்டு ஷவ்வால் பாதியைக் கடப்பதற்குள், ரமலானில் வாசல்வரை நீண்ட சுபுஹுத் தொழுகையின் வரிசைகள் மீண்டும் ஒன்றாகவும் அரையாகவும் சுருங்கிவிட்டன. இது ஆண்டுதோறும் நாம் காணும் காட்சி. இக்காட்சியைக் கண்டதும் சிலர் வழக்கமாக உதிர்க்கும் ஒரு சொல்லும் உண்டு: "ரமலான் முஸ்லிம்".

இந்தச் சொல்லைக் கைவிட வேண்டும் என்பதே நம் கருத்து. முப்பது நாள் அல்லாஹ்வின் இல்லத்திற்கு வந்த ஓர் அடியானை, மீண்டும் வருவதற்கு வெட்கப்படச் செய்வதைத் தவிர இச்சொல்லால் வேறு எப்பயனும் விளையவில்லை. மேலும், அது நோயையும் தவறாகக் கணிக்கிறது. பெருநாள் இரவோடு ஒருவருடைய ஈமான் பாதியாகக் குறைந்துவிடுவதில்லை. அந்த ஈமானைத் தாங்கி நின்ற ஏற்பாடுதான் அன்றிரவு கலைக்கப்படுகிறது.

ரமலானில் நம்மைச் சுற்றி என்னவெல்லாம் இருந்தன என்பதைச் சற்று எண்ணிப் பார்ப்போம். ஸஹருக்கு எழுப்ப ஒரு குரல் இருந்தது. வீட்டில் ஒருவர் எழுந்தால் அனைவரும் எழுந்தோம். பள்ளிவாசலில் கஞ்சி காய்ந்தது. அதற்கென 2025 ரமலானில் தமிழக அரசே 7,920 மெட்ரிக் டன் பச்சரிசியை ஒதுக்கியது. தராவீஹுக்கு இமாம் நின்றார், பின்னால் தோழர்கள் நின்றனர். கடைக்காரரும் நேரத்தை மாற்றிக்கொண்டார். உடன் பணியாற்றும் மாற்றுமதச் சகோதரர்கள்கூட நம் எதிரே தேநீர் அருந்தத் தயங்கினர். இத்தனை கைகள் தாங்கிப் பிடித்ததால்தான் தனிமனிதரின் உறுதி நின்றது. பெருநாள் பிறை தெரிந்த மறுகணமே அத்தனை கைகளும் ஒருசேர விலகிவிடுகின்றன. பின்பு அவர் தடுமாறினால், குறை யாருடையது?

கூட்டாகச் செய்யும் வணக்கம் எளிதாகும் என்பதை அறிந்தே மார்க்கம் ஜமாஅத்தை ஏற்படுத்தியது. ஆகவே ரமலானுக்குப் பிந்தைய ஒழுக்கத்தையும் தனிமனிதரின் மனவலிமையிடம் மட்டுமே விட்டுவிடாமல், குடும்பமும் ஜமாஅத்தும் ஏற்றுக்கொள்ள வேண்டிய பொறுப்பாகக் கருத வேண்டும்.

திருக்குர்ஆனின் இரண்டாம் அத்தியாயம் 183 ஆம் வசனம், நோன்பின் நோக்கம் இறையச்சம் என்று தெளிவாக்குகிறது. பசித்திருப்பது வழி, தக்வா இலக்கு. பதினாறாம் அத்தியாயத்தின் 92 ஆம் வசனமோ, உறுதியாக நூற்ற நூலைத் தானே துண்டுதுண்டாகப் பிரித்துவிடும் ஒரு பெண்ணை உவமையாக்கி எச்சரிக்கிறது. அவ்வசனம் செய்துகொண்ட உடன்படிக்கைகளை முறிப்பதைப் பற்றியது. எனினும் அல்லாஹ்வோடு ஒரு மாதம் நாம் செய்துகொண்ட உடன்படிக்கைக்கும் அது பொருந்தும் என்று கொள்வதில் தவறில்லை. நெசவுக்குப் பெயர்பெற்ற காஞ்சிபுரம் மாவட்டத்தில் வாழும் நமக்கு, முறுக்கேற்றிய நூலைப் பிரிப்பது எத்தகைய இழப்பு என்பதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

அப்படியானால் ரமலானை அப்படியே ஆண்டு முழுவதும் நீட்டிவிட வேண்டுமா? இல்லை. மார்க்கம் அவ்வாறு கேட்கவுமில்லை. அமல்களில் அல்லாஹ்வுக்கு மிக விருப்பமானது, அளவில் சிறியதாயினும் விடாது செய்யப்படுவதே என்று அண்ணல் நபி (ஸல்) அவர்கள் கூறியதை அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்துள்ளார்கள். இரவுத் தொழுகையைத் தொழுது வந்து பின்பு அதை விட்டுவிட்ட ஒருவரைப் போல் ஆகிவிட வேண்டாம் என்று, அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரலி) அவர்களுக்கு நபிகளார் அறிவுறுத்தியதும் புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் பதிவாகியுள்ளது. அந்த ஒருவரின் பெயரை நபித்தோழர் வெளியிடவில்லை என்பதைக் கவனியுங்கள். பாடம் நம்மை வந்தடைந்தது. ஒருவரின் மானமும் காக்கப்பட்டது. "ரமலான் முஸ்லிம்" என்று விரல் நீட்டுவோர் இந்தப் பண்பைச் சிந்திக்க வேண்டும்.

இனி, நாம் வாழும் மண்ணுக்கு வருவோம். முருகன் கோயிலால் அறியப்பட்ட வல்லக்கோட்டையைச் சுற்றி இன்று ஒரகடம், வல்லம் வடகால், மாத்தூர், சுங்குவார்சத்திரம் என எத்திசையிலும் ஆலைகள். 1998 இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் உற்பத்தி தொடங்கியது; 2010 இல் ஒரகடத்தில் ரெனோ நிசான் ஆலையும் 2012 இல் டெய்ம்லர் லாரி ஆலையும் வந்தன. ஒரு தலைமுறைக் காலத்தில் இப்பகுதியின் நாட்பொழுதே மாறிவிட்டது. இங்கே நாளைப் பிரிப்பது வெயிலும் நிழலும் அல்ல, ஷிப்டு.

ஆலைக்கு ஆலை சற்று மாறினாலும், பொதுவாகக் காலை ஆறு, பிற்பகல் இரண்டு, இரவு பத்து என மூன்று ஷிப்டுகள். ஏப்ரல் மாதத்தில் இங்கு சுபுஹு நேரம் ஏறத்தாழ நாலே முக்காலுக்குத் தொடங்கி, ஆறு மணிக்குச் சற்று முன்பு சூரிய உதயத்தோடு முடிந்துவிடும். முதல் ஷிப்டுக்குச் செல்பவர் அந்நேரத்தில் கம்பெனி பஸ்ஸுக்காகச் சாலையில் நிற்கிறார், அல்லது பஸ்ஸில் இருக்கிறார். இரண்டாம் ஷிப்டில் இருப்பவருக்கு அஸரும் மஃரிபும் இயந்திரத்தின் முன்னே வருகின்றன. மஃரிபின் நேரமோ மிகக் குறுகியது. இரவு ஷிப்டு முடித்தவர் லுஹர் வரை உறங்கியாக வேண்டும். அடுத்த வாரம் இந்த அட்டவணை முழுவதும் தலைகீழாகும்.

இத்தகையவரிடம், ஊரில் சொந்தக் கடையில் அமர்ந்திருக்கும் வணிகருக்குரிய அளவுகோலை நீட்டி ஐந்து நேரமும் ஜமாஅத்தில் காணவில்லையே என்று கேட்பது நீதியல்ல. அவருக்குத் தேவை, மூன்று ஷிப்டிலும் நிலைக்கக்கூடிய ஓர் ஒழுங்கு. அதற்கு மார்க்கத்தில் இடமும் எளிமையும் உண்டு. பலருக்கு அது சொல்லித் தரப்படவில்லை என்பதே வருத்தம்.

முதலாவது, கடமையான தொழுகை. எந்த ஷிப்டாயினும் ஐந்து நேரத் தொழுகையை அதனதன் நேரத்தில் தொழுதுவிடுவதே அடித்தளம். முதல் ஷிப்டுக்காரர் பஸ் நிற்கும் இடத்திற்கு உளூவோடு சென்றால், நேரம் தொடங்கியதும் ஓரமாக ஒரு விரிப்பில் இரண்டு ரக்அத் தொழ ஐந்து நிமிடம் போதும். ஒவ்வொரு முறையும் காலைக் கழுவுவது ஆலைக்குள் சிரமமாக இருப்பின், உளூவோடு அணிந்த, கணுக்காலை மறைக்கும் தோல் காலுறையின் மீது மஸஹு செய்யும் சலுகை உள்ளூரில் இருப்பவருக்கும் ஒரு பகல் ஓர் இரவு உண்டு. தேநீர் இடைவேளையின் முதல் ஐந்து நிமிடத்தை மஃரிபுக்கு ஒதுக்கியவர் அதன்பின் தேநீரும் அருந்தலாம். பகலில் பதின்மூன்று மணி நேரத்துக்கும் சற்று மேலாகத் தேநீரையே தள்ளிவைத்த மனத்திற்கு, ஐந்து நிமிடம் தள்ளிவைப்பது இயலாத செயலன்று.

இரண்டாவது, குர்ஆன். ரமலானில் நாளுக்கு ஒரு ஜுஸ்உ ஓதியவர், ஷவ்வாலில் அதே அளவை எண்ணி மலைத்து ஒரு பக்கமும் ஓதாமல் விட்டுவிடுகிறார். கணக்கைப் பாருங்கள்: இன்று பரவலாக உள்ள மதீனா அச்சு முஸ்ஹஃபில் 604 பக்கங்கள். நாளுக்கு இரண்டு பக்கம் ஓதினால் 302 நாட்களில் குர்ஆன் நிறைவுறும். சந்திர ஆண்டுக்கு ஏறத்தாழ 354 நாட்கள். நோய்க்கும், பயணத்துக்கும், ஓவர்டைமுக்குமாக 52 நாட்கள் விட்டுக்கொடுத்தாலும், ஒரு சந்திர ஆண்டுக்குள் ஒரு முறை ஓதி முடித்திருப்பார். பஸ்ஸில் கைப்பேசி பார்க்கும் நேரத்தில் கால் பங்கு போதும்.

மூன்றாவது, நோன்பு. ரமலானை அடுத்து ஷவ்வாலில் ஆறு நோன்பு நோற்பவர் காலமெல்லாம் நோன்பு நோற்றவரைப் போன்றவர் என்று நபிகளார் நற்செய்தி கூறியதை அபூ அய்யூப் அல் அன்ஸாரி (ரலி) அவர்கள் அறிவித்துள்ளார்கள். இவற்றைத் தொடர்ச்சியாகவே நோற்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. வார விடுமுறைகளில் பிரித்து நோற்கலாம். 

இங்கே நம் இல்லத்துப் பெண்களுக்கும் ஒரு சொல். ரமலான் முழுவதும் ஸஹருக்கு முதலில் எழுந்தவரும் இரவில் கடைசியாகப் படுத்தவரும் தாய்மார்களே. விடுபட்ட நோன்புகளின் கணக்கு அவர்கள் மனத்தை அழுத்திக்கொண்டிருக்கும். விடுபட்ட நோன்புகளை ஷஅபான் மாதத்தில்தான் நிறைவேற்ற இயன்றதாக அன்னை ஆயிஷா (ரலி) அவர்களே கூறியுள்ளார்கள். கடன் கடன்தான், ஆனால் கால அவகாசம் உண்டு. மாதத்திற்கு ஒன்று எனத் திட்டமிட்டு நோற்றாலே போதும். அந்நாளில் சமையல் பொறுப்பைக் கணவரும் வளர்ந்த பிள்ளைகளும் ஏற்பது, ரமலானில் அவர்கள் பெற்ற பயிற்சியின் உண்மையான அடையாளமாகும்.

இவை வணக்கங்கள். ஆனால் ரமலானின் பரீட்சைத் தாள் பள்ளிவாசலில் திருத்தப்படுவதில்லை. சம்பள நாளிலும், வாடகை வாங்கும் நாளிலும், கோபம் வரும் கணத்திலும்தான் திருத்தப்படுகிறது. பொய்ப் பேச்சையும் பொய்யான நடவடிக்கையையும் விடாதவர் உணவையும் பானத்தையும் விடுவதில் அல்லாஹ்வுக்கு எத்தேவையும் இல்லை என்பது புகாரியில் வரும் நபிமொழியின் கருத்து. மல்யுத்தத்தில் வீழ்த்துபவரைவிட, கோபத்தில் தன்னை அடக்குபவரே வலிமையானவர் என்பதும் அவர்களின் போதனையே. அசெம்பிளி லைனில் கீழே பணியாற்றும் ஒப்பந்தத் தொழிலாளியை ஒருமையில் ஏசாதிருப்பதும் ஒரு நோன்புதான்.

பீகாரிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் மேற்கு வங்கத்திலிருந்தும் அஸ்ஸாமிலிருந்தும் வந்து இத்தொழிற்பகுதியில் உழைக்கும் முஸ்லிம் இளைஞர்கள் ஏராளம். ரமலானில் நாம் அவர்களோடு ஒரே விரிப்பில் அமர்ந்து, ஒரே கஞ்சியைக் குடித்து, தோளோடு தோள் நின்று தொழுதோம். மொழி புரியாவிட்டாலும் ஸலாம் புரிந்தது. பெருநாளுக்குப் பின் அவர்களுடைய பெயரை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? அவர்கள் தங்கும் அறைகளுக்கு உரிமையாளர்களில் நம் சமுதாயத்தாரும் உள்ளனர். ஒரே அறையில் எட்டுப் பேரை அடைத்து, தலைக்கு இவ்வளவு என்று வாடகை பெற்று, தண்ணீரை மட்டும் அளந்து கொடுப்பவர், ரமலானில் ஐம்பது பேருக்கு இஃப்தார் கொடுத்திருக்கலாம். அந்த இஃப்தாரை அல்லாஹ் ஏற்பானாக! ஆயினும் உளூச் செய்யவும் குளிக்கவும் போதிய தண்ணீர் தருவது அதைவிட நீண்டகால நன்மையன்றோ? தொழிலாளியின் வியர்வை உலருமுன் கூலியைக் கொடுத்துவிடுமாறு நபிகளார் ஏவியதை, ஆட்களை அனுப்பும் ஒப்பந்ததாரர்களாக இருக்கும் நம் சகோதரர்கள் ஷவ்வாலிலும் நினைவில் கொள்ள வேண்டும்.

எனவே ஜமாஅத் நிர்வாகிகளுக்கு மூன்று வேண்டுகோள்களை வைக்கிறோம். ஒன்று, வாரம் ஒருநாளேனும் கூட்டாக நோன்பு திறக்கும் ஏற்பாட்டைத் தொடருங்கள். திங்களும் வியாழனும் நபிகளார் விரும்பி நோன்பு நோற்ற நாட்கள். பெரும் விருந்து வேண்டாம். பேரீச்சையும் தண்ணீரும் போதும். இரண்டு, ஷிப்டு முடிந்து வருவோருக்காகப் பள்ளிவாசலின் ஒரு பகுதியையும் உளூச் செய்யும் இடத்தையும் கூடுதல் நேரம் திறந்து வையுங்கள். இரவு பத்து மணிக்குப் பணி முடித்து வருபவர் பூட்டிய கதவைக் காணக் கூடாது. மூன்று, வெளிமாநிலச் சகோதரர்களுக்கு விளங்கும் மொழியில் மாதம் ஒரு பயான் நடத்துங்கள். அவர்களில் ஒருவரை நிர்வாகத்தின் ஆலோசனைக்கும் அழையுங்கள்.

குடும்பத் தலைவர்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். இன்றிரவு இல்லத்தார் அனைவரும் அமர்ந்து, ரமலானில் செய்த நற்செயல்களுள் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொருவருக்கும் ஒன்று. அது இரண்டு பக்கக் குர்ஆனாக இருக்கலாம், வித்ருத் தொழுகையாக இருக்கலாம், பகலில் விட்டிருந்த சிகரெட்டை இரவிலும் விடுவதாக இருக்கலாம், உண்டியலில் நாளுக்குப் பத்து ரூபாய் சதகாவாக இருக்கலாம். மக்தபுக்கு வரும் பிள்ளைகள் பெரியோரின் சொல்லைவிடச் செயலையே மனனம் செய்கிறார்கள். தந்தை ஷவ்வாலிலும் முஸ்ஹஃபைத் திறப்பதைக் கண்ட பிள்ளைக்கு, உஸ்தாதின் பிரம்பு தேவைப்படாது.

பதினைந்தாம் அத்தியாயத்தின் இறுதி வசனம், மரணம் வரும்வரை இறைவனை வணங்குமாறு நபிகளாருக்குக் கட்டளையிடுகிறது. பிறை தெரியும்வரை என்று அது வரம்பிடவில்லை. சோர்ந்திருக்கும் ஒரு சகோதரரை இவ்வாரம் பள்ளிவாசலில் கண்டால், இத்தனை நாள் எங்கே இருந்தீர்கள் என்று கேட்காமல், ஸலாம் கூறி வரிசையில் இடம் விடுங்கள்.

வல்ல ரஹ்மான் நம் நோன்புகளையும் தொழுகைகளையும் ஏற்று, சிறிதாயினும் நிலையான அமல்களை நம் அனைவருக்கும் எளிதாக்கி, அடுத்த ரமலானை ஈமானோடும் உடல்நலத்தோடும் அடையச் செய்வானாக! ஆமீன்.