எதில் எத்தனை விழுக்காடு?

பி.எஸ்ஸி. (கணிதம்), இரண்டாம் ஆண்டு

மக்களாட்சியின் உயிர்நாடி தேர்தல் என்பர். முடிவுகள் வெளியானதும் "மக்கள் தீர்ப்பளித்துவிட்டார்கள்" என்று வென்றோர் முழங்குகின்றனர். எத்தனை மக்கள் என்று நாம் கேட்பதில்லை. களத்தில் நெல்லை அளக்கும் தஞ்சை உழவன், எத்தனை மா நிலத்தில் கண்ட நெல் என்று கேளாமல் 'நல்ல விளைச்சல்' என்பானா? தேர்தல் எண்களுக்கும் அக்கேள்வி வேண்டும் என்பதே என் கருத்து.

1967 சட்டமன்றத் தேர்தலை எடுத்துக்கொள்வோம். காங்கிரஸ் பெற்ற வாக்கு 41.10 விழுக்காடு, இடங்கள் 51. தி.மு.க. பெற்றது 40.69 விழுக்காடு, இடங்களோ 137. மேலோட்டமாகப் பார்த்தால் அநீதி போலத் தோன்றும். ஆனால் காங்கிரஸ் நின்றது 232 தொகுதிகளில், தி.மு.க. நின்றது 174 தொகுதிகளில் மட்டுமே. குறைந்த நிலத்தில் ஏறத்தாழ அதே நெல் என்றால், எந்த வயல் செழித்தது என்று சொல்லவும் வேண்டுமோ?

கட்சி வேட்பாளரையே வாக்கெடுப்பால் தேர்ந்தெடுக்கும் அமெரிக்காவின் நிலை என்ன? 2016-இல் அங்கு நடந்த முதல்நிலைத் தேர்தல்களில், தகுதியுள்ளோரில் மூன்றில் ஒரு பங்கினர்கூட வாக்களிக்கவில்லை. குடியரசுக் கட்சியில் விழுந்த வாக்குகளிலும் பாதிக்குக் குறைவாகப் பெற்றே டொனால்டு டிரம்ப் வேட்பாளரானார். அவ்வெற்றி காட்டியது வந்தவர்களில் ஒரு பகுதியினரின் விருப்பத்தை. நாட்டின் விருப்பத்தை அன்று.

நம் மாநிலத்திற்கு வருவோம். நாடாளுமன்றத் தேர்தலில் 2014-இல் அ.இ.அ.தி.மு.க. 39 இடங்களில் 37-ஐ வென்றது, 2024-இல் தி.மு.க. கூட்டணி 39-ஐயும் வென்றது. முன்னதற்குச் சுமார் 44, பின்னதற்குச் சுமார் 47 விழுக்காடு வாக்குகள். வராதவர்களையும் சேர்த்துக் கணக்கிட்டால், இரு முறையும் வென்றவர்களுக்கு வாக்களித்தோர் பட்டியலில் உள்ளோரில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினரே! வெற்றி செல்லாது என்று நான் கூறவில்லை, சட்டப்படி செல்லும். ஆனால் அதனை ஒட்டுமொத்த மக்களின் குரல் என்பது முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதாகும்.

2024-இல் நூற்றுக்கு 30 பேர் வாக்களிக்கவில்லை. "பொறுப்பற்றவர்கள்" என்று படித்தவர்கள் அவர்களைப் பழிக்கிறார்கள். இதுதான் என் நெஞ்சைச் சுடுகிறது. எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். என் தந்தையார் விவசாயக் கூலி. அந்தத் தேர்தல் நடந்தது ஏப்ரல் 19-ஆம் நாள். அப்போது சம்பா, தாளடி அறுவடை முடிந்திருக்கும்; மேட்டூர் அணை திறக்க வழக்கப்படி ஜூன் 12 ஆகும். இடையில் பிழைப்புத் தேடித் திருப்பூர் சென்றவர், ஒரு வாக்குக்காக இரண்டு நாள் கூலியையும் பஸ் கட்டணத்தையும் இழக்க முடியுமா? சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் உழைக்கும் எங்கள் ஊர் அண்ணன்மார் என்ன செய்வார்கள்? 2010-இல் வந்த சட்டத் திருத்தம் அவர்களுக்குப் பட்டியலில் இடம் தந்தது. ஆனால் வாக்களிக்க நேரில் வரவேண்டும் என்றது. எல்லையைக் காக்கும் வீரருக்குத் தபால் வாக்கு உண்டு. ஊர் விட்டு ஊர் சென்று உழைப்பவருக்கு இல்லை. வெளியூரிலிருந்தே வாக்களிக்க உதவும் இயந்திரத்தின் மாதிரி ஒன்றைத் தேர்தல் ஆணையம் 2022 டிசம்பரில் அறிவித்தது. பல கட்சிகள் எதிர்த்தன; 2024-இல் அது பயன்பாட்டுக்கு வரவில்லை.

நண்பர்களே! இனி விழுக்காடு ஒன்றைக் கேட்டால் 'எதில்?' என்று கேட்போம். வாக்களிக்காதவரைப் பழிக்குமுன், அன்று அவர் எந்த ஊரில் யாருக்காக உழைத்துக்கொண்டிருந்தார் என்று கேட்போம். அவர் இருக்கும் இடத்திற்கு வாக்குச் சீட்டு சென்று சேரும் நாளில்தான் மக்கள் தீர்ப்பு என்னும் சொல் முழுமை பெறும்.