தொட்டா ஒட்டாது சார்

போன மாதம் முதல் வாரம். உதவித்தொகை எடுக்க வந்த கூட்டம் கவுண்டரை அடைத்துக்கொண்டு நிற்கிறது. கையெழுத்துப் போடத் தெரியாதவர்களின் பெருவிரலைப் பிடித்து, ஸ்டாம்ப் பேடில் அழுத்தி, பாரத்தில் உருட்டி எடுப்பது எழுத்தர் வேலை. பத்து வருசமாகச் செய்கிறேன். முப்பது முப்பத்தைந்து வயதிருக்கும், ஒரு பெண் பிளாஸ்டிக் கவரிலிருந்து பாஸ்புக்கை உருவினார். கூடவே ஏ.ஆர்.டி. மையத்து அட்டையும் வழுக்கிக்கொண்டு வந்து விழுந்தது. நீட்டிய கையை நான் பின்னால் இழுத்துக்கொண்டேன்.

"நீங்களே வச்சிருங்கம்மா."

அவர் என்னை ஒரு நிமிசம் பார்த்தார். பின்னால் நிற்பவர்களுக்குக் கேட்காத குரலில் சொன்னார்: "தொட்டா ஒட்டாது சார்."

தனிக் குவளையைப் பற்றிப் பத்துக் கவிதை எழுதியவன் நான். டீக்கடையில் என் தாத்தாவுக்குத் தண்ணீரை உயரத்திலிருந்து ஊற்றிய கையை இன்றுவரை மன்னிக்காதவன். அந்தக் கை அன்றைக்கு என் தோளிலேயே முளைத்திருந்தது. இந்தத் தலையங்கத்தை அந்த வெட்கத்திலிருந்துதான் எழுதுகிறோம்.

தோழர்களே, தீண்டாமை எங்கோ ஊர்த்தெருவில் மட்டும் குடியிருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். நம் சேரியிலும் எச்.ஐ.வி. உள்ள பெண்ணுக்குத் தனித்தட்டு, தனிப்பாய் இருக்கிறது. அவர் தூக்கினால் பிள்ளையைப் பிடுங்கிக்கொள்கிற மாமியார் இருக்கிறார். 'அவளால்தான் எம் மகன் செத்தான்' என்ற சொல் இருக்கிறது. தொட்டால் தீட்டு என்று நம்மை ஒதுக்கிய அதே இலக்கணம் இது. பெயரை மட்டும் மருத்துவத்திலிருந்து கடன் வாங்கிக்கொண்டது.

கொஞ்சம் வரலாறு பார்ப்போம். இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் கண்டறியப்பட்டது நம் சென்னையில், 1986இல். டாக்டர் சுனிதி சாலமனும் அவரிடம் படித்த நிர்மலாவும் கண்டுபிடித்தார்கள். ரத்தம் கொடுத்தவர்கள் பாலியல் தொழிலாளர்களான பெண்கள். அறிவியலுக்கு அவர்கள் கொடுத்த ரத்தத்துக்கு அரசு எந்திரம் தந்த கூலி என்ன? தண்டனைக் காலம் முடிந்த பிறகும் எச்.ஐ.வி. இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காகப் பெண்களை அரசு இல்லத்தில் பூட்டி வைத்தது. 1990இல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்ன பிறகுதான் கதவு திறந்தது. அவர்களிடம் வந்துபோன ஆண்களைத் தேடி எந்தப் போலீஸ் வேனும் போகவில்லை.

நோயைப் 'பரப்புகிறவள்' என்று பெண்ணின் நெற்றியில் அன்றே எழுதிவிட்டார்கள். ஆனால் இந்த நாட்டில் எச்.ஐ.வி.யோடு வாழும் பெண்களில் பெரும்பாலோருக்கு அது வந்தது தாலி கட்டியவன் வழியாக. இதைச் சொல்லும்போதே இன்னொரு பள்ளத்தில் விழுந்துவிடக்கூடாது. 'பாவம், ஒழுக்கமான குடும்பப் பெண்' என்று ஒருத்திக்கு இரக்கமும், 'அவளுக்கு வேணும்' என்று இன்னொருத்திக்குச் சாபமும் பங்கு வைப்பது சாதிய மனத்தின் வேலை. மாத்திரைக்கும் மரியாதைக்கும் ஒழுக்கச் சான்றிதழ் கேட்க யாருக்கும் உரிமை இல்லை.

இந்தப் பெண்கள் யாருடைய இரக்கத்துக்கும் காத்திருக்கவில்லை. நாமக்கல் பகுதியிலிருந்து வந்த கௌசல்யா, தனக்கு எச்.ஐ.வி. இருப்பதை ஊரறியச் சொன்னார். 1998இல் தன்னைப் போன்ற பெண்களோடு சேர்ந்து சென்னையில் பாசிட்டிவ் விமன் நெட்வொர்க்கைத் தொடங்கினார். முகத்தை மறைத்துப் பேட்டி கொடுத்த காலத்தில் முகத்தைக் காட்டிப் பேசியது சாதாரணக் காரியமா? புருசன் செத்தபின் சொத்தில் பங்கு, பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்தில் இடம், பிரசவத்துக்குக் கட்டில், உயிர் வாழ மருந்து. இவர்களின் போராட்டமெல்லாம் இவற்றுக்காகத்தான்.

மருந்தின் கதையைக் கேளுங்கள். 2001இல் சிப்லா நிறுவனம் ஒரு நோயாளிக்கு வருசத்துக்கு 350 டாலர் விலையில் மூன்று மருந்துகளையும் தர முன்வந்தது. பன்னாட்டுக் கம்பெனிகளின் விலை அப்போது 10,000 டாலருக்கு மேல். உலகமே மெச்சியது. ஆனால் மருந்து தயாரித்த இந்த நாட்டில், கூலிக்காரப் பெண்ணுக்கு அது இலவசமாகக் கிடைக்கத் தொடங்கியது 2004 ஏப்ரலில். இடைப்பட்ட காலத்தில் செத்தவர்களைக் கொன்றது வைரஸ் மட்டும்தானா?

இன்று தினம் ஒரு மாத்திரை போதும். ஒழுங்காகச் சாப்பிட்டு ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்தவரிடமிருந்து உடலுறவின் வழியாகக்கூட அது பரவாது. சிகிச்சை இல்லாவிட்டால் தாயிடமிருந்து பிள்ளைக்குப் போகும் வாய்ப்பு நூற்றுக்கு 15 முதல் 45 வரை. சிகிச்சை இருந்தால் 5க்கும் கீழே. பெருவிரலைத் தொட்டால் ஒட்டுமா என்ற பேச்சுக்கே இடமில்லை. ஆனால் மாத்திரை ஒழுங்காக வரவேண்டுமே! 2022இல் மருந்துத் தட்டுப்பாட்டை எதிர்த்து டில்லியில் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அலுவலகத்தின் முன்னால் வாரக்கணக்கில் உட்கார்ந்து போராட வேண்டியிருந்தது.

2018 டிசம்பரில் சாத்தூர் அரசு மருத்துவமனையில் ஒரு கர்ப்பிணிக்கு எச்.ஐ.வி. கலந்த ரத்தம் ஏற்றப்பட்டதை மறந்திருக்க மாட்டீர்கள். ரத்தம் கொடுத்த இளைஞர், தனக்குத் தொற்று இருப்பது தெரிந்ததும் தானே போய்ச் சொன்னார். சில நாளில் தற்கொலை செய்துகொண்டார். உண்மையைச் சொன்னவன் சாகும்படி ஒரு சமூகம் இருந்தால், அங்கே யார் பரிசோதனைக்கு வருவார்கள்?

2017இல் எச்.ஐ.வி., எய்ட்ஸ் சட்டம் வந்தது. 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. ஒப்புதல் இல்லாமல் சோதிக்கக்கூடாது, நிலையை வெளியே சொல்லக்கூடாது, வேலையிலும் பள்ளியிலும் மருத்துவமனையிலும் பாகுபாடு கூடாது என்கிறது. பெண்ணுக்குக் குடும்ப வீட்டில் குடியிருக்கும் உரிமை உண்டு. ரத்தத்தோடு புழங்கவேண்டிய வேலையில் இருப்பவர்களுக்குப் பாதுகாப்புச் சாதனமும் பயிற்சியும் தரவேண்டும். ஊசியையும் பஞ்சையும் கூட்டி அள்ளுகிற நம் பெண்களுக்கு முழுசான கையுறை கிடைக்கிறதா? எந்த வார்டிலாவது போய்ப் பாருங்கள். குறைதீர்ப்பாளர் 30 நாளில், மருத்துவ அவசரமென்றால் முடிந்தால் 24 மணி நேரத்திலேயே தீர்ப்புச் சொல்ல வேண்டும். ஆனால் சிகிச்சை தருவது பற்றிய பிரிவில் மட்டும் 'இயன்றவரை' என்று ஒரு சொல்லை நுழைத்துவிட்டார்கள். அந்த ஒரு சொல்லுக்குள் அரசு ஒளிந்துகொள்ளலாம். அதை நீக்கச் சொல்லி அப்போதே போராடினார்கள். நாம் எங்கே இருந்தோம்?

சட்டம் படிக்கிற மாணவர்கள் இந்தச் சட்டத்தைச் சேரியில் தமிழில் படித்துக் காட்ட வேண்டும். புருசன் வீட்டிலிருந்து விரட்டப்பட்ட பெண்ணுக்காக இயக்கம் நம் ஆட்களிடமே பஞ்சாயத்துப் பேச வேண்டும். பேசினால் ஓட்டுக் குறையும், உறவு கெடும் என்று தயங்குகிற தலைவர் சாதி ஒழிப்பைப் பேச வேண்டாம். நம் மேடைகளில் இந்தப் பெண்களை உதாரணமாக உட்காரவைப்பதை நிறுத்தி, ஒலிபெருக்கியை அவர்கள் கையில் கொடுக்க வேண்டும்.

அன்றைக்கு அவர் தானாக வைத்த ரேகை கலங்கிப்போயிருந்தது. விதிப்படி நான் இரண்டாவது தரம் கேட்டேன். மறுபடியும் தனியாகவே உருட்டினார். கவுண்டரில் கந்தல் துணி இருந்தது, மை துடைக்க. அதைக்கூட நகர்த்தி வைக்காமல் நான் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டேன். சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு போனார்.

இந்த மாதமும் வருவார். முதலில் மன்னிப்புக் கேட்க வேண்டும். பிறகு விரலைப் பிடிக்க வேண்டும்.