முடி முளைக்கும், நுரையீரல்?

திருப்போரூர்ப் பேருந்து நிலையத்தருகே ஒரு தேநீர்க் கடை. கந்தசாமி கோயிலில் மொட்டையடித்துச் சந்தனம் பூசிய குடும்பமொன்று அவ்வழியே போயிற்று. கடையோரம் நின்ற இளைஞன் சிரித்தான். "முடியைக் கொடுத்தால் முருகன் நோயைத் தீர்ப்பானாம், சார்! இன்னுமா இந்த மடமை?" என்றான். கேட்கக் காது குளிர்ந்தது. நம் வகுப்பில் படித்தவனல்லவா! இன்று மருத்துவக் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு மாணவன். ஆனால் நம்மைக் கண்டதுமே வலக்கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்விட்டான். கை மறைந்தது, புகை மறையவில்லை.

முடியைக் காணிக்கை தந்தவர் மூன்று மாதத்தில் சீப்பெடுப்பார். நுரையீரலைக் காணிக்கை தருகிறானே, அவன் எதை எடுப்பான்?

அறியாதவன் செய்தால் அறியாமை என்போம். அருகிருந்து சொல்லித் திருத்துவோம். இவன் அறியாதவனா? கரி படிந்த நுரையீரலைக் கையிலேந்திப் பார்த்தவன். புகைக்கும் புற்றுக்கும் உள்ள உறவைத் தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கியவன். எழுதிய கையைக் கழுவிக்கொண்டு வெளியே வந்து பற்றவைக்கிறான்!

ஏன் தம்பி என்றோம். "இரவெல்லாம் படிப்பு, பகலெல்லாம் வார்டு. ஒன்று பிடித்தால்தான் மனம் அடங்குகிறது, சார்" என்றான். மனம் அடங்குகிறதாம்! நிக்கோட்டின் சில நொடிகளில் மூளைக்குள் புகுகிறது, சிறிது இன்பம் தருகிறது, வடிகிறது. வடிந்ததும் பதைப்பு. பதைப்பை அடக்க அடுத்த சிகரெட். அந்தப் பதைப்பைத் தந்ததே முந்தைய சிகரெட்தான். பேயை ஏவிவிட்டவனே உடுக்கையோடு வந்து பேயோட்டக் கூலி கேட்பதை நம் மேடைகளில் எத்தனைமுறை எள்ளி நகையாடியிருக்கிறோம்! இங்கே மந்திரவாதி பெட்டிக்குள் இருக்கிறான். கூலியும் நாள்தோறும் தவறாமல் போகிறது.

1946இல் அமெரிக்காவின் கேமல் சிகரெட்டுக்காரர்கள், மருத்துவர்கள் அதிகம் விரும்புவது எங்கள் சிகரெட்டையே என்று விளம்பரம் செய்தார்கள். வெள்ளைக் கோட்டின் மதிப்பை விலைக்கு வாங்கும் சூழ்ச்சி! அதே வெள்ளைக் கோட்டுக்காரர்களே பின்னர் அந்தச் சூழ்ச்சியை முறித்தார்கள் என்பதுதான் சுவை. இங்கிலாந்தில் ரிச்சர்டு டாலும் பிராட்போர்டு ஹில்லும் புகைக்கும் நுரையீரல் புற்றுக்கும் உள்ள தொடர்பை 1950இல் வெளியிட்டார்கள். 1951இல் நாட்டு மருத்துவர்களுக்கே மடல் எழுதி, நீங்கள் புகைப்பவரா என்று கேட்டார்கள். ஏறத்தாழ 40,000 பேர் விடையளித்தனர். அவர்களில் ஆண் மருத்துவர்களின் வாழ்வையும் சாவையும் ஐம்பதாண்டு தொடர்ந்து கணக்கிட்டு, 2004இல் முடிவைச் சொன்னார்கள்: விடாது புகைத்தவர், புகைக்காதவரைவிடச் சராசரியாகப் பத்தாண்டு முன்னதாகச் செத்தார். முப்பது வயதில் விட்டவரோ அந்த இழப்பை ஏறத்தாழ முழுவதுமாகவே தவிர்த்தார். டால் தாமும் புகைத்தவர்தான். தம் ஆய்வைக் கண்டு தாமே விட்டார். பகுத்தறிவு என்பது அது. கண்டான், நம்பினான், கைவிட்டான்!

நம் மாணவனுக்கு வயது இருபது. காலம் கடக்கவில்லை. ஆனால் நாம் வருந்துவது அவன் நுரையீரலுக்காக மட்டுமன்று. அவன் தந்தை கடலோரக் குப்பத்தில் வலையிழுப்பவர். காது மடலில் பீடி செருகியிருப்பவர். இரவில் இருமலோடு படுப்பவர். அவரிடம் சொன்னாயா என்று கேட்டோம். தலை குனிந்தான். "என் சட்டையில் வாசம் அடிக்கிறதே, எந்த வாயால் சொல்வேன் சார்?"

இதுதான் கேடு! கற்ற கல்வி நெஞ்சில் இருக்கிறது, நா எழவில்லை. நாளை அரசு மருத்துவமனையில் இவன் முன் வரிசையில் நிற்கப்போகிறவர்கள் எல்லாரும் அந்தத் தந்தையரே. அவர்களிடமும் இவன் மருந்துச் சீட்டை நீட்டிவிட்டு வாயை மூடிக்கொள்வானா?

அந்த நாற்காலி எளிதில் வந்ததன்று. மருத்துவக் கல்லூரி இடத்தைக் குறித்து எழுந்த செண்பகம் துரைராஜன் வழக்கில் வகுப்புவாரி ஆணையை நீதிமன்றங்கள் செல்லாதென்றன. தமிழ்நாடு கொதித்தெழுந்தது. 1951இல் அரசியல் சட்டமே முதன்முறையாகத் திருத்தப்பட்டது. 2020இல் அரசுப் பள்ளி மாணவருக்கு 7.5 விழுக்காடு வந்தது. அவ்வழியே போனவன்தான் இவன். போராடி வாங்கிய இடத்தில் சிகரெட் கம்பெனியின் வாடிக்கையாளனை உட்காரவைக்கவா பாடுபட்டோம்?

நம் வீட்டுக் கதையையும் மறைக்க வேண்டாம். அண்ணாவுக்குப் பொடிப் பழக்கம் உண்டென்பது நாடறிந்தது. உணவுக்குழாய்ப் புற்றுக்காக 1968இல் நியூயார்க்கில் அறுவை செய்துகொண்டார். 1969 பிப்ரவரி 3இல் மறைந்தார். அவர் படத்தை மாட்டிய விடுதி அறையில் புகை சூழ்ந்திருப்பதைப் பார்க்க நமக்கு மனம் பொறுக்கவில்லை.

பிடித்தவனை விடுதியிலிருந்து விரட்டு என்பாரும் உண்டு. அவர்களோடு நாம் இல்லை. அடிமைப்பட்டவனைத் துரத்தினால் அவன் சிகரெட்டையும் கூடவே எடுத்துக்கொண்டு போவான். கல்விக்கூடத்திலிருந்து 100 கெஜத்துக்குள் புகையிலை விற்கக் கூடாதென்று 2003ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது; கெஜக்கோலை எடுத்துக்கொண்டு போய் அளப்பவர் எத்தனை பேர்? 2019இல் தடைசெய்த மின்சிகரெட் எப்படிப் பைக்குள் வருகிறது? புகையின் தீங்கை மனப்பாடம் செய்யவைத்தால் போதாது. புகைப்பவன் எதிரே அமர்ந்து, நாள் குறித்து, நிக்கோட்டின் சூயிங்கம் கொடுத்து, தவறி விழுந்தால் மீண்டும் தூக்கிவிடும் வித்தையை ஒவ்வொரு மாணவனும் நோயாளி முன்னால் செய்துகாட்டித் தேற வேண்டும். அந்த வித்தையின் முதல் நோயாளி அவனாகவே இருக்கட்டும்; பேராசிரியர் புகைப்பவரென்றால் இரண்டாம் நோயாளி அவர்!

கல்லூரிதோறும் மாணவர் மன்றங்கள் இருக்கின்றன. உணவு சரியில்லை, மின்விசிறி சுழலவில்லை என்று விண்ணப்பம் எழுதுகிறீர்கள், நன்று. இந்தத் தேர்வை வையுங்கள் என்று ஒரு விண்ணப்பம் எழுதுங்கள், தோழர்களே. முதல் கையெழுத்தை நம் மாணவன் போடுவதாகச் சொல்லியிருக்கிறான். தந்தையிடம் எப்போது பேசுவாய் என்றோம். விட்டு ஒரு மாதம் ஆகட்டும் சார் என்றான்.