ஏசியில் கேஸ் தீர்ந்துபோகுமா?



முப்பத்து மூன்று வருடம் புதுச்சேரியில் அரசு அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் வேலை பார்த்தவன் நான். ஒரு மேசை ஃபேன் பழுதானால்கூட, என்ன பழுது என்று எழுதி வாங்காமல், கொட்டேஷன் இல்லாமல், கழற்றிய பழைய பாகம் ஸ்டோருக்குத் திரும்பாமல் பில் பாஸ் ஆகாது. எத்தனையோ பில்களை ஒரு வரிக் குறிப்பு எழுதித் திருப்பி அனுப்பியிருக்கிறேன். அப்படிப்பட்ட நான் என் சொந்த வீட்டில் ஒரே ஏசிக்கு, ஒரே காரணத்துக்கு, மூன்று கோடை தொடர்ந்து ரசீதுகூட வாங்காமல் பணம் கொடுத்திருக்கிறேன். சொல்லவே வெட்கம்தான். நம் வயதுக்காரர்கள் பலரும் இதே தவறைச் செய்கிறோம் என்பதால் சொல்கிறேன்.

நான் பிறந்து வளர்ந்த வீட்டுக்கு ஏசி தேவைப்படவில்லை. உயர்ந்த கூரை, முற்றம், சாயங்காலமானால் கடற்காற்று. இப்போது இருப்பது மொட்டை மாடிக்குக் கீழே ஒரு கான்கிரீட் பெட்டி. என் மனைவிக்கு முழங்கால் அறுவை சிகிச்சை நடந்த வருடம் அவருக்காக ஒன்றரை டன் ஸ்பிளிட் ஏசி ஒன்று வாங்கினோம். மூன்றாம் வருடம் அக்னி நட்சத்திரத்தில் குளிர்ச்சி நின்றுவிட்டது. வந்து பார்த்தவர், "சார், கேஸ் இறங்கிப் போச்சு. போட்டுட்டா ஐஸ் மாதிரி வரும்" என்றார். 2,800 ரூபாய். வந்தது. அடுத்த வருடம் அதே மே மாதம், அதே பேச்சு, 3,000. அதற்கடுத்த வருடம் 3,200. ஆக மொத்தம் 9,000 ரூபாய். வண்டிக்குப் பெட்ரோல் போடுவதுபோல ஏசிக்கு வருடா வருடம் கேஸ் போட வேண்டும் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

நான்காம் வருடம் வேறொரு பையன் வந்தான். சிலிண்டரை வெளியே எடுக்கவே இல்லை. "மூணு வருஷமா போடறீங்களா? எங்க சார் போவுது அவ்வளவும்?" என்று கேட்டான். எனக்குச் சுருக்கென்றது. நான் பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன். எங்கள் வாத்தியார் சரியான விடை சொன்னாலும் விடமாட்டார், "பூர்குவா?", ஏன் என்று கேட்பார். அலுவலகத்தில் ஆயுள் முழுக்க நானும் அதையே கேட்டேன். வீட்டு வாசலில் மட்டும் மறந்துபோனேன்.

விஷயம் இதுதான். ஏசியின் கேஸ் எரிந்து தீர்வதில்லை. மூடிய குழாய்க்குள் திரும்பத் திரும்பச் சுற்றிக்கொண்டே இருக்கும். அது குறைந்தது என்றால் எங்கோ கசிகிறது என்று அர்த்தம். கசிவை அடைக்காமல் கேஸ் போடுவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றும் கதைதான். அந்தப் பையன் நைட்ரஜன் அழுத்தம் கொடுத்து, இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவினான். வெளி யூனிட்டில் செம்புக் குழாய் சேரும் நட்டில் குமிழ் வந்தது. அந்த இடத்தில் எண்ணெய்க் கறையும் இருந்தது. மூன்று வருடமாக அது என் கண்ணுக்கு எதிரிலேயே இருந்திருக்கிறது! குழாய் முனையை வெட்டிப் புதிதாக விரித்து இணைத்தான். வாக்குவம் பம்ப் வைத்து உள்ளே இருந்த காற்றையும் ஈரத்தையும் எடுத்தான். பிறகு தராசில் சிலிண்டரை வைத்து, எடை பார்த்துக் கேஸ் போட்டான். எல்லாம் சேர்த்து 3,700 ரூபாய். அதன் பிறகு இரண்டு கோடை போய்விட்டது. கேஸ் என்ற பேச்சே இல்லை.

எங்கள் தெருவில் குடும்பப் பென்ஷனில் இருக்கும் அம்மா ஒருவருக்கு நடந்தது இதைவிட மோசமாகப் போயிருக்கும். ஏசியில் காற்று வருகிறது, குளிர் வரவில்லை. கம்ப்ரசர் போய்விட்டது, 14,000 ஆகும் என்று சொல்லி முன்பணமும் கேட்டிருக்கிறார்கள். அவருடைய ஒரு மாதப் பென்ஷனில் பெரும்பகுதி அது. "தம்பி, நகையை வைக்கட்டுமா?" என்று என்னிடம் கேட்டார். நம் பையனை அனுப்பினேன். கெட்டுப்போனது கம்ப்ரசரைக் கிளப்பிவிடும் கெப்பாசிட்டர். கூலியோடு 750 ரூபாயில் முடிந்தது.

ஆகவே என் கருத்து: வீட்டு ரிப்பேரையும் அலுவலக பில் மாதிரியே நடத்துங்கள். பிரான்சில் குழாய் ரிப்பேருக்குக்கூட முதலில் 'தெவி' கேட்பார்கள். என்ன வேலை, என்ன பொருள், எவ்வளவு என்று எழுதித் தரும் மதிப்பீட்டுச் சீட்டு அது. நமக்கு ஒரு வாட்ஸப் செய்தி போதும். கேஸ் குறைவு என்றால், "கசிவு எங்கே, காட்டுங்கள்" என்று கேளுங்கள். எந்த கேஸ், எத்தனை கிராம் என்பது வெளி யூனிட்டில் ஒட்டிய தகட்டில் அச்சிட்டிருக்கும். அதைப் படித்து, தராசில் போடச் சொல்லுங்கள். ஆர்-32 போட வேண்டிய இடத்தில் வேறெதையும் ஊற்ற விடாதீர்கள். அது தீப்பிடிக்கக்கூடிய வகை என்பதால் பழக்கம் இல்லாதவர் கையிலும் கொடுக்காதீர்கள். மாற்றிய பாகத்தைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

'பத்து வருட வாரண்டி' என்று கடையில் சொன்னதை நம்பி உட்கார்ந்திருப்பவர்கள் அட்டையை ஒருமுறை எடுத்துப் படியுங்கள். பெரும்பாலும் அந்தப் பத்து வருடம் கம்ப்ரசருக்கு மட்டும்தான். கேஸ், கூலி, எலக்ட்ரானிக் போர்டு எல்லாம் பல நேரம் நம் செலவில்தான் வரும்.

நம் ஊருக்கென்று ஒரு தொல்லையும் உண்டு. கடலுக்குப் பக்கத்தில் இருப்பவர்களின் வெளி யூனிட்டில் உப்புக் காற்று பட்டு, அலுமினியத் தகடுகள் வெள்ளைப் பொடியாக உதிரும். மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றிக் கழுவச் சொன்னான் பையன். உள் யூனிட்டின் ஃபில்டரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கழுவினால் சர்வீஸ் செலவும் குறையும். ஸ்டூல் மேல் நாம் ஏற வேண்டாம், பேரப்பிள்ளையிடம் சொல்லுங்கள். ஒன்பது பத்து வருடமான ஏசிக்குப் புதியதன் விலையில் பாதியை ரிப்பேராகக் கேட்டால், நான் புதியதுதான் வாங்குவேன்.

இதையெல்லாம் படித்துவிட்டு, மெக்கானிக்குகள் எல்லோரும் ஏமாற்றுக்காரர்கள் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். நம் பக்கமும் தப்பு இருக்கிறது. இரண்டாம் மாடி ஜன்னலுக்கு வெளியே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று பழுதைக் கண்டுபிடிக்கிறான் ஒருவன். "எதையும் மாற்றலையே, எதுக்குக் காசு?" என்கிறோம். பார்த்துச் சொன்னதற்கு 400 ரூபாய் கொடுக்க மனசு வராதவர்கள், மாற்றியதற்கு 4,000 என்றால் மறுபேச்சில்லாமல் கொடுக்கிறோம். அப்புறம் அவன் எதையாவது மாற்றத்தானே பார்ப்பான்? டாக்டருக்கு ஃபீஸ் கொடுப்பதுபோல, பழுதைப் பார்த்துச் சொன்னதற்குத் தனியாகக் கூலி கொடுங்கள். முதலிலேயே போனில் அதைப் பேசிக்கொள்ளுங்கள். உண்மை பேசுகிறவன் நம்மிடம் நிலைப்பான்.

இன்னொன்று. மே மாதம் வியர்த்துக் கொட்டும்போது யார் எவ்வளவு கேட்டாலும் கொடுத்துவிடுவோம். மாசியிலேயே ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். அப்போது கேள்வி கேட்கவும் நமக்குப் பொறுமை இருக்கும், பதில் சொல்ல அவர்களுக்கும் நேரம் இருக்கும்.

இப்போது ரிமோட் வைக்கும் டிராயரில் ஒரு நாற்பது பக்க நோட்டு வைத்திருக்கிறேன். தேதி, பழுது, காரணம், கொடுத்த தொகை. "ரிட்டயர்டு ஆகியும் லெட்ஜர் எழுதறது போகல" என்று மனைவி சிரிக்கிறார். சிரிக்கட்டும். 'காரணம்' என்ற கட்டம் காலியாக இருந்தால் பர்ஸைத் திறப்பதில்லை.