அருகிலுள்ள மலை

பள்ளிகளில் ஆண்டுக்கு ஒருமுறை சுற்றுலாச் செல்லும் வழக்கம் உண்டு. தனி வண்டி ஒன்றை அமர்த்துவர், விடியுமுன் புறப்படுவர், உதகைக்கோ கொடைக்கானலுக்கோ செல்வர். போகும்போது உறக்கம், போன இடத்தில் நெரிசல், திரும்பும்போது களைப்பு. கட்டணம் செலுத்த இயலாத மாணவர் சிலர் வீட்டிலேயே தங்கிவிடுவர். மறுநாள் மற்றவர்கள் கண்டவற்றைப் பேசும்போது அவர்கள் தலைகுனிந்து அமர்ந்திருப்பர்.

தொலைவிலுள்ள ஊர்களைக் காண்பது தவறன்று. ஆயினும், நம் ஊர்ப் பேருந்து சென்று நிற்கும் இடத்தில் இறங்கி, அங்கிருந்து கால்களை நம்பி நடக்கும் பயணமே மாணவர்க்கு முதற்பயணமாக இருத்தல் வேண்டும் என்பது என் கருத்து. சிறு செலவில் எல்லாரும் செல்லக்கூடியது அது. கண்டதை மறவாமல் நெஞ்சில் நிறுத்துவதும் அதுவே.

மதுரையை எடுத்துக்கொள்வோம். அந்நகரைச் சுற்றிக் குன்றுகள் பல உள்ளன. நகரப் பேருந்தில் ஏறினால் ஒருமணி நேரத்துக்குள் அவற்றுள் ஏதேனும் ஒன்றன் அடிவாரத்தை அடையலாம். ஆனால், அந்நகரிலேயே பிறந்து வளர்ந்தவர்களிலும் அவற்றின்மீது ஏறிப் பார்த்தவர் எத்தனை பேர்?

மேற்கே ஏறத்தாழப் பன்னிரண்டு கிலோமீட்டர் தொலைவில் கீழக்குயில்குடி என்னும் சிற்றூர் இருக்கிறது. பேருந்தை விட்டு இறங்கியதும் ஓங்கி நிற்கும் மொட்டைப் பாறை கண்ணிற்படும். அதுவே சமணர் மலை. அடியில் தாமரைக் குளமும் ஐயனார் கோயிலும் ஆலமர நிழலும் உள்ளன. பாறையில் வெட்டிய படிகளில் ஏறிச் சென்றால், பேச்சிப்பள்ளம் என்னும் இடத்தில் தீர்த்தங்கரர் உருவங்கள் வரிசையாகச் செதுக்கப்பட்டிருப்பதைக் காணலாம். அவற்றின் கீழே வட்டெழுத்துக் கல்வெட்டுகள் உள்ளன. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு அங்கே சமண முனிவர் வாழ்ந்தனர்; கல்வி கற்பித்தனர். முனிவர் உறைந்த அவ்விடங்களுக்குப் பள்ளி என்பது பெயர். நாம் கற்கும் இடத்தைப் பள்ளி என்று அழைப்பதும் இவ்வழக்கோடு தொடர்புடையது என்பர் அறிஞர். நாள்தோறும் நாம் சொல்லும் ஒரு சொல்லின் வேர் அந்தப் பாறையில் இருக்கிறது. அதனை நூலிற் படிப்பது ஒன்று; வியர்வை வழிய ஏறிச்சென்று காண்பது மற்றொன்று.

வடக்கே இருபது கிலோமீட்டருக்குச் சற்று மிகுதியான தொலைவில் அழகர்மலை உள்ளது. பேருந்து கோயில் வாயில் வரையிற் செல்லும். அங்கிருந்து மரங்கள் அடர்ந்த வழியே மேலேறினால் பழமுதிர்சோலையையும், அதற்கு மேலே வற்றாது வரும் சிலம்பாற்று நீரையும் அடையலாம். சிலப்பதிகாரத்தின் காடுகாண் காதையில், மாங்காட்டு மறையோன் ஒருவன் கோவலனுக்கு மதுரை செல்லும் மூன்று வழிகளை எடுத்துரைக்கிறான். அவற்றுள் இடப்பக்க வழி திருமால்குன்றத்தின் அருகே செல்வது. அக்குன்றமே இன்றைய அழகர்மலை. எந்த வழியில் நீர் உண்டு, எந்த வழியில் இடர் உண்டு என்று அவன் கூறுவதைப் படிக்கும்போது, வழியறிந்து நடப்பதும் ஒரு கல்வி என்பது விளங்கும்.

மேலூர்ப் பக்கத்தில் மாங்குளம், அரிட்டாபட்டி என்னும் ஊர்கள் உள்ளன. மாங்குளத்துக் குகைகளில் நெடுஞ்செழியன் என்னும் பெயர் பொறித்த தமிழி எழுத்துகள் காணப்படுகின்றன. 1882-ஆம் ஆண்டில் இராபர்ட் சிவெல் என்பவர் அவற்றைக் கண்டறிந்தார். ஈராயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட அவ்வெழுத்துகளைக் காண நாம் பெருந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. ஒரு பேருந்துச் சீட்டும் சிறிது நடையும் போதும்.

நடந்து செல்வதனால் மற்றொரு நன்மையும் உண்டு. வண்டியில் விரைவோர்க்கு ஊர்கள் பெயர்ப்பலகைகளாகவே தோன்றும். நடப்பவர்க்கோ, ஆடு மேய்க்கும் முதியவர் வழிகாட்டியாகிறார். குன்றில் விழும் மழை எந்தச் சுனையில் தங்கி, எந்தக் கண்மாயில் நிறைந்து, எந்த வயலுக்குப் பாய்கிறது என்பதை அவர் கையை நீட்டியே காட்டிவிடுவார். புவியியல் பாடம் அங்கே கண்முன் விரிந்து கிடக்கும்.

இங்கிலாந்தில் இவ்வுரிமைக்காக எளிய மக்கள் போராடியிருக்கின்றனர். மாஞ்செஸ்டர் நகரத்தின் ஆலைகளில் வாரமெல்லாம் உழைத்தவர்கள், விடுமுறை நாளில் அருகிலுள்ள மேட்டு நிலங்களில் நடக்க விரும்பினர். அந்நிலங்களோ செல்வர் சிலரின் வேட்டைக் காடுகளாக இருந்தன. 1932-ஆம் ஆண்டு ஏப்ரல் 24-ஆம் நாள், பல நூறு பேர் தடையை மீறிக் கிண்டர் ஸ்கௌட் என்னும் குன்றின்மீது ஏறினர். அவர்களுள் ஐவர் சிறை சென்றனர். பின்னர், 1949-இல் தேசியப் பூங்காக்களுக்கான சட்டம் பிறந்தது. 1951-இல் அந்த மேட்டு நிலப் பகுதியே அந்நாட்டின் முதல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. நடக்க விரும்பியவர்களே அந்நிலத்தைக் காத்தனர் என்பது இதனால் தெரிகிறது அன்றோ?

நம் நாட்டிலும் இதற்குச் சான்று உண்டு. அரிட்டாபட்டிக் குன்றுகளும் அவற்றைச் சூழ்ந்த நிலமுமாகச் சுமார் 193 ஹெக்டேர் பரப்பு, 2022-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. அங்கே அரிய பருந்துகளும் வல்லூறுகளும் பாறை முகடுகளில் வாழ்கின்றன. 2024-ஆம் ஆண்டு இறுதியில், அந்நிலமும் அடங்கிய பெரும்பரப்பில் டங்ஸ்டன் சுரங்கம் அமைக்க ஏலம் விடப்பட்ட செய்தி வெளியாயிற்று. ஊர்மக்கள் ஒன்றுகூடி மறுத்தனர். 2025 சனவரியில் உழவரும் மகளிரும் மதுரையை நோக்கிக் கால்நடையாகவே சென்று தம் கருத்தைத் தெரிவித்தனர். அம்மாதமே ஏலம் நீக்கப்பட்டது.

அம்மக்கள் ஏன் அவ்வாறு எழுந்தனர்? ஒவ்வொரு சுனையையும் பாறையையும் அவர்கள் பெயர் சொல்லி அறிவர். அறிந்த பொருளையே மனிதன் காக்க முற்படுவான். நகரத்தில் வாழும் நாமோ குன்றுகளைத் தொலைவில் நின்று பார்க்கிறோம். ஒரு குன்று உடைந்து சாலைக் கல்லாகிப் போனாலும், நம்மிற் பலருக்கு அது தெரிவதே இல்லை. அக்குன்றில் ஒருமுறையேனும் ஏறியவனுக்கு அந்த இழப்பு தன் வீட்டு இழப்பாகத் தோன்றும். ஆதலால், மாணவர் நடந்து பழகுதல் வெறும் பொழுதுபோக்கு அன்று. குடிமக்களுக்குரிய பயிற்சியும் ஆகும்.

இதற்கு மறுப்புக் கூறுவோர் உண்டு. வெயில் கடுமையானது என்பர், உண்மையே. மார்கழி, தை மாதங்களில் விடியற்காலையிற் புறப்பட்டால் வெயில் ஏறுமுன் இறங்கிவிடலாம். வழியில் இடர் உண்டு என்பர், அதுவும் உண்மையே. மழையில் நனைந்த பாறை வழுக்கும்; பாறை இடுக்குகளில் தேனீக் கூடுகள் இருக்கும். ஆகவே, தனியே செல்லலாகாது. ஆசிரியரோ பெரியோரோ உடன்வர வேண்டும். ஊராரிடம் வழி கேட்டபின்பே ஏற வேண்டும். வனத்துறையின் காப்புக்காடுகளில் இசைவின்றி நுழையலாகாது. நீரும் சிற்றுணவும் கையில் இருத்தல் வேண்டும். இவ்வாறு முன்னறிந்து நடப்பதற்கே இப்பயணம் நம்மைப் பழக்குகிறது.

பேருந்து அடிக்கடி வாராது என்பது மூன்றாவது மறுப்பு. இதுவே வலிமையுடையது. 2021 மே மாதத்தில், சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் மகளிர் கட்டணமின்றிச் செல்லும் திட்டம் தமிழ்நாட்டில் தொடங்கப்பெற்றது. அதனால் பெண்கள் பலர்க்குப் பயணம் எளிதாயிற்று. ஆயினும், வண்டியே வாராத வழியில் கட்டணச் சலுகை என்ன பயன் தரும்? சிற்றூர்களுக்கு விடுமுறை நாட்களிலும் பேருந்துகள் ஓட வேண்டும். குன்றை அடுத்துள்ள ஒவ்வொரு நிறுத்தத்திலும் தமிழில் ஒரு பலகை வேண்டும். மலையின் பெயர், அதன் வரலாறு, செல்லும் வழி, திரும்பும் கடைசிப் பேருந்தின் நேரம் ஆகிய நான்கும் அதில் இருந்தாற் போதும். இதற்குப் பெரும்பொருள் தேவையில்லை, எண்ணமே தேவை. பேருந்து பெருகினால் சுற்றுலாப் பயணிகளுக்கு மட்டுமா நன்மை? சந்தைக்குச் செல்லும் உழவர்க்கும் பள்ளிக்கு வரும் சிறுவர்க்கும் அதே வண்டி உதவும்.

செல்லும் நமக்கும் கடமைகள் உண்டு. ஆயிரம் ஆண்டுப் பழமையுடைய சிற்பத்தின் அருகே தம் பெயரைக் கிறுக்கி வைத்தவர்களின் அறியாமையைப் பல குன்றுகளில் இன்றும் காண்கிறோம். அன்று கல்லில் எழுதியவர், படுக்கை வெட்டிக் கொடுத்த ஈகையாளரின் பெயரை எழுதினர். இன்று கிறுக்குபவர் எதனைக் கொடுத்தார்? கொண்டு சென்ற தாளையும் பாட்டிலையும் திரும்பக் கொண்டு வருதல் வேண்டும். சுனை நீரை மாசுபடுத்துதல் கூடாது. அது ஆடுமாடுகளும் பறவைகளும் பருகும் நீர்.

மாணவர்களே! உங்கள் ஊர்ப் பேருந்து நிலையத்தில் நின்று, வண்டிகளின் நெற்றியில் எழுதியுள்ள ஊர்ப்பெயர்களை ஒருமுறை படித்துப் பாருங்கள். அவற்றுள் நீங்கள் காணாத ஊர் எது? அதனருகே குன்று உண்டா, ஆறு உண்டா, பழங்கோயில் உண்டா? ஆசிரியரைக் கேளுங்கள், பெற்றோரைக் கேளுங்கள், அவர்களையும் உடனழைத்து அடுத்த விடுமுறையில் அங்கே சென்று நடந்து பாருங்கள். வகுப்பில் ஒருவரும் பின்தங்காமல் எல்லாரும் சேர்ந்து செல்லக்கூடிய பயணம் அது.