சுவரைப் பிடித்த பிள்ளையைப் பார்த்துச் சிரித்தவர்களுக்கு



எழுதாமல் விட்டுவிடுவோம் என்று மூன்று நாள் பொறுத்திருந்தேன். நேற்று இஷாவுக்குப் பிறகு அதே வீடியோ இன்னொரு குரூப்பில் வந்து விழுந்தது. இனிப் பொறுக்க ஏலாது.

பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். என் தங்கையின் மகளுக்கு ஒன்பது வயது. வாப்பாவுக்கு டுபாயில் வேலை, குடும்பமும் அங்கேதான். லீவுக்கு வில்கமுவ வந்திருக்கிறார்கள். அங்கே ஐஸ் ஸ்கேட்டிங் வகுப்பில் சேர்த்த முதல் நாள் அவளுடைய வாப்பா ஆசையோடு எடுத்த வீடியோ அது. ஓரச் சுவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நண்டு மாதிரிப் பக்கவாட்டில் நகர்கிறாள். கடைசியில் இரண்டு காலும் வழுக்க, சுவரில் தொங்குகிறாள். குடும்ப குரூப்பில் போட்டதை யாரோ ஒருவர் ஊர் குரூப்புக்கு அனுப்பிவிட்டார். அதற்கு ஒரு பாட்டு வேறு சேர்த்திருக்கிறார்கள். "சுவரைப் பிடிக்க டுபாய்க்குப் போகணுமா, இங்க பள்ளிக்கூடச் சுவர் இல்லையா?" என்று ஒரு வொய்ஸ். "இப்படிப் பிடிச்சா ஏழு வருசம் போனாலும் பழகமாட்டா" என்று ஒரு பெரிய மனிதர். "பொம்பளப் பிள்ளைக்கு இது தேவையா?" என்று வழக்கமான அந்த ஒருவர்.

பிள்ளைக்குத் தமிழ் வாசிக்கத் தெரியும், வொய்ஸ் கேட்கவும் தெரியும் என்பது ஒருவருக்கும் நினைவில்லை. ஞாயிறு பின்னேரம் என்னிடம் வந்து, "பெரியம்மா, நான் இனி அங்க போகமாட்டேன்" என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் நான் இதை எழுதியிருக்கமாட்டேன்.

முதலில் அந்தப் பெரிய மனிதருக்குப் பதில் சொல்கிறேன், ஏனென்றால் அவர் சொன்னதில் கால்வாசி உண்மை இருக்கிறது. மற்ற இருவரும் பிறகு.

நம் ஊரில் ஐஸ் என்றால் கடை ஐஸ்பெட்டிக்குள் இருப்பது. அதன் மேல் ஒரு ஆள் நிற்பது எப்படி என்று யோசித்துப் பாருங்கள். சப்பாத்தின் அடியில் ஒரு இரும்புத் தகடு. அகலம் நாலு மில்லிமீற்றர் அளவுதான். அதன் நடுவிலும் நீளத்துக்கு ஒரு குழிவு ஓடும். ஆகவே உள்பக்கம் ஒரு விளிம்பு, வெளிப்பக்கம் ஒரு விளிம்பு. அந்த இரண்டு விளிம்புகளில் ஏதோ ஒன்றில்தான் வாழ்க்கை. உராய்வு என்று விஞ்ஞான பாடத்தில் படிப்பிக்கிறோமே, அது அங்கே அனேகமாக இல்லை. நிலத்தில் நடக்கும்போது காலைப் பின்னுக்குத் தள்ளி முன்னே போகிறோம். ஐஸில் அப்படிச் செய்தால் கால் தனியாகப் போகும், நாம் தனியாக விழுவோம். இத்தனை வருடம் நடந்து பழகிய உடம்பு அதை மறந்து வேறொன்றைப் படிக்கவேண்டும். அதற்கு அவள் ஒரு சுவரைப் பிடித்தாள். வேறு எதைப் பிடிக்கச் சொல்கிறீர்கள்?

இனி அந்தச் சுவர். ஐஸ் ஹொக்கியின் சர்வதேச விதிப்படி அதன் உயரம் 107 சென்ரிமீற்றர். வளர்ந்த ஆம்பிளைகள் முட்டி மோதி விளையாடுவதற்காகக் கட்டியது. என் மருமகளின் மொத்த உயரம் 128. நேற்று வாசல் நிலையில் நிறுத்தி அளந்தேன். சுவரின் மேல்விளிம்பு அவளுடைய தோளுக்கு மேலே நிற்கிறது. பிடிக்க வேண்டுமென்றால் கையைத் தூக்கவேண்டும். தூக்கிப் பிடித்தால் தோள் காதோடு ஒட்டும், பாரம் காலிலிருந்து கைக்கு வரும், உடம்பு சுவர் பக்கம் சாயும். சாய்ந்த உடனே கால் சுவருக்கு எதிர்ப்பக்கம் வழுக்கும். கிணற்றுக் கட்டில் ஏணியைச் சாய்த்தால் அடி வழுக்குகிறதே, அதேதான். நீங்கள் சிரித்த அந்தக் கடைசி விநாடி பிள்ளையின் பயந்தாங்கொள்ளித்தனம் இல்லை, கணக்கு. எந்த வயது ஆளும் தோளுக்கு மேலே உள்ள சுவரில் தொங்கினால் அதுதான் நடக்கும்.

ஆகவே "சுவரைப் பிடித்தால் பழகமாட்டாள்" என்பதைத் திருத்திச் சொல்ல வேண்டும். சுவரில் தொங்கினால் பழகமாட்டாள். சுவரைப் பாவித்தால் பழகுவாள். பக்கவாட்டில் நின்று, ஒரு கை மட்டும், மேசையில் வைப்பதுபோல் விரல்நுனியை வைக்க வேண்டும். கட்டையான பிள்ளை என்றால் மேல்விளிம்பைப் பிடிக்காமல் சுவரின் பக்கத்தில் உள்ளங்கையை வைத்தால் போதும். முழங்கால் மடிந்திருக்க வேண்டும், கண் நிமிர்ந்திருக்க வேண்டும். நின்ற இடத்தில் காலை மாற்றி மாற்றித் தூக்கி வைக்கலாம். ஒற்றைக் காலில் மூன்று எண்ணும்வரை, பிறகு ஐந்து எண்ணும்வரை நிற்கலாம். கணுக்காலைக் கொஞ்சம் சரித்து, உள் விளிம்பு எது வெளி விளிம்பு எது என்று காலுக்கு அறிமுகம் செய்யலாம். சுவரை மெல்லத் தள்ளிவிட்டுப் பின்பக்கமாக ஓரடி வழுக்கிப் பார்க்கலாம். பலே நடனக்காரர்கள் ஒவ்வொரு நாள் பயிற்சியையும் ஒரு கம்பியைப் பிடித்துத்தான் ஆரம்பிக்கிறார்கள். முப்பது வருடம் ஆடியவரும் அப்படித்தான். அவரைப் பார்த்து யாரும் பாட்டுப் போடுவதில்லை.

ஃபிகர் ஸ்கேட்டிங்கில் 'மூன்று திருப்பம்' என்று ஒன்று உண்டு. ஒற்றைக் காலில் முன்னோக்கிப் போய்க்கொண்டே, அதே காலில் திரும்பிப் பின்னோக்கிப் போவது. விளிம்பும் மாறும். ஐஸில் விழும் கோடு இலக்கம் 3 போலிருக்கும், அதனால் அந்தப் பெயர். இதில் கால் திரும்புவதற்கு முன் தோளும் இடுப்பும் திரும்பி ஆயத்தமாக வேண்டும். முழங்கால் மடிந்து, எழும்பி, மறுபடி மடிய வேண்டும். இத்தனையையும் ஓடும்போது ஒரே தடவையில் யோசிக்க ஏலாது. சுவர் ஓரமாக நின்று, ஒரு கையால் தொட்டுக்கொண்டு, மெதுவாகத் திரும்பிப் பார்த்தால் எது முதல் எது பிறகு என்று உடம்புக்கு விளங்கும். ஒரு காலைப் பின்னால் உயர்த்தி நிற்கும் 'ஸ்பைரல்' அமைப்பும் அப்படித்தான். சுவரில் வைத்துத்தான் இடுப்பு எங்கே கோணுகிறது என்று பார்க்கலாம்.

ஆனால், பெரிய மனிதரே, உங்களுடைய கால்வாசி உண்மை இங்கேதான் வருகிறது. சுவரில் வடிவத்தைப் பழகலாம், ஓட்டத்தைப் பழக ஏலாது. சைக்கிளில் வளைவு எடுக்கும்போது உட்பக்கம் சாய்கிறோம். நிற்கும் சைக்கிளில் அப்படிச் சாய்ந்தால் விழுவோம். ஸ்கேட்டிங்கின் விளிம்பும் வேகம் இருந்தால்தான் உங்களைத் தாங்கும். அந்தச் சாய்வைச் சுவர் ஒருநாளும் சொல்லித்தராது. அங்கேயே நின்றுவிட்ட பிள்ளைக்கு மூன்று திருப்பத்தின் படம் தெரியும், மூன்று திருப்பம் தெரியாது. விழுவதும் அப்படித்தான். முழங்காலை மடித்து, பக்கவாட்டில் இடுப்பில் இருந்து, விரல்களை மடக்கி உள்ளே வைத்து விழவேண்டும். எழும்பும்போது முதலில் முழங்காலில் நின்று, பிறகு ஒரு காலை ஊன்றவேண்டும். இதைச் சுவரை விட்டு விலகி நின்றுதான் பழக வேண்டும்.

ஆகவே கேள்வி பிடிக்கலாமா கூடாதா என்பதில்லை. எப்போது விடுவது, யார் சொல்லி விடுவது என்பதுதான். வீடியோவின் பின்னால் ஒரு சத்தம் கேட்கிறது, கவனித்தீர்களா? "கைய விடு மகள், விடு, விடு!" அது என் மச்சான். தங்கமான மனிதர், ஆனால் அந்த இடத்தில் அவரும் பிழை. பத்து விரலிலிருந்து ஐந்து விரல், ஐந்திலிருந்து ஒரு விரல், பிறகு சுவருக்கு ஒரு சாண் தள்ளி, தேவைப்பட்டால் தொடலாம் என்ற தூரத்தில். அந்தச் சாண் தூரம்தான் முக்கியம். சுவர் இருக்கிறது, கை அதில் இல்லை. அங்கேதான் படிப்பு நடக்கிறது.

கலாசாலையில் நாங்கள் இதை வேறு பெயரில் படித்தோம். 1976இல் வுட், புரூனர், ரொஸ் என்ற மூவர் எழுதிய ஒரு கட்டுரை. மூன்று முதல் ஐந்து வயதுப் பிள்ளைகள் மரக்கட்டைகளைப் பூட்டி ஒரு கூம்பகம் செய்யும்போது, பக்கத்தில் இருப்பவர் எவ்வளவு உதவ வேண்டும், எப்போது கையை எடுக்க வேண்டும் என்று பார்த்தார்கள். 'சாரம்' என்று அதற்குப் பெயர் வந்தது. வீடு கட்டும்போது மேசன் கட்டுகிறாரே, அதே சாரம். பரீட்சைக்குப் பாடமாக்கி எழுதினோம், பாஸ் பண்ணினோம். பிறகு வகுப்புக்கு வந்து, தட்டுத்தடுமாறி வாசிக்கும் பிள்ளையிடம் "விரலை வைக்காமல் வாசி" என்று கத்துகிறோம். நானும் கத்தியிருக்கிறேன்.

நம் எல்லோருக்கும் இது தெரிந்த விசயம்தான். மத்ரஸாவில் அலிஃப், பே ஓதும்போது ஒவ்வொரு எழுத்தாகக் குச்சியை வைத்துத்தான் தொடங்கினோம். பக்கத்தில் இருந்து லெப்பை சொல்லச் சொல்ல நாம் சொன்னோம். அன்றைக்கு யாராவது "குச்சி இல்லாமல் ஓதத் தெரியாதா" என்று சிரித்திருந்தால் நம்மில் எத்தனை பேர் குர்ஆனை முடித்திருப்போம்?

இதற்கு மறுபக்கத்திலும் ஒரு கூட்டம் இருக்கிறது. "தள்ளிவிட்டால் தானாகப் பழகும்" என்கிறவர்கள். நம் ஊர் ஆறும் வாய்க்காலும் குளமும் உள்ள ஊர். மகாவலி பக்கத்தில் ஓடுகிறது. நீந்தத் தெரியாமல் இங்கே வாழ்வது புத்தியில்லாத வேலை. ஆனால் நீந்தப் பழக்குவது எப்படி? என் சின்ன வயதில் ஒரு மாமா எங்கள் ஒவ்வொருவரையும் தூக்கி வாய்க்காலில் போட்டார். ஆம்பிளைப் பிள்ளைகள் இரண்டு பேர் பழகினார்கள். என் நானா ஒருவர், இன்றைக்கு நாற்பது தாண்டிவிட்டது, முழங்காலுக்கு மேல் தண்ணீரில் இறங்கமாட்டார். அந்த மாமா கடைசிவரை பழகிய இருவரைப் பற்றித்தான் பேசினார். கரையைப் பிடித்துக்கொண்டு காலை அடிக்கவும், தண்ணீருக்குள் மூச்சு விடவும் ஒரு கிழமை பழக்கியிருந்தால் மூன்று பேரும் நீந்தியிருப்பார்கள். (நம் ஊரில் பிடிக்கவே கூடாத ஒன்று யானைவேலிக் கம்பி மட்டும்தான். மற்றதையெல்லாம் தேவைக்குப் பிடிக்கலாம்.)

இனி "பொம்பளப் பிள்ளைக்குத் தேவையா" என்று கேட்டவருக்கு. அபூதாபியில் ஸஹ்ரா லாரி என்று ஒரு பெண். பன்னிரண்டு வயதில்தான் ஸ்கேட்டிங் தொடங்கினார். இந்த விளையாட்டுக்கு அது பிந்திய வயது. அவருடைய வாப்பாவும் முதலில் தயங்கியவர்தான். 2012இல் இத்தாலியின் கனாசேயில் நடந்த ஐரோப்பியக் கிண்ணப் போட்டியில் ஹிஜாபோடு ஆடினார். தலையை மூடியதற்காக நடுவர்கள் புள்ளி குறைத்தார்கள். அவர் ஹிஜாபையும் விடவில்லை, விளையாட்டையும் விடவில்லை. சர்வதேசச் சங்கத்திடம் போய்ப் பேசினார். பிறகு அந்த நிலை மாறியது. சென்னையின் ஆரத்தி கஸ்தூரிராஜும் கார்த்திகா ஜெகதீஸ்வரனும் 2023 ஹாங்சோ ஆசிய விளையாட்டில் சில்லுச் சப்பாத்தோடு ஓடி, 3000 மீற்றர் அஞ்சலோட்டத்தில் இந்திய அணிக்கு வெண்கலம் வாங்கிக் கொடுத்தார்கள். தேவையா என்று இவர்களிடம் கேளுங்கள். என்னிடம் கேட்காதீர்கள், நான் பன்னிரண்டு வயதில் மஃரிபுக்குக் கொஞ்சம் முந்தி, யாரும் பார்க்காத நேரம் பார்த்து, வீட்டுப் பின்சுவரில் ஒரு கையை உரசிக்கொண்டு நானாவின் சைக்கிளைப் பழகியவள். முழங்கையில் தழும்பு இன்னும் இருக்கிறது. அந்தச் சைக்கிளில்தான் ஓ.எல். வகுப்புக்குப் போனேன். பஸ் வராத நாளிலும் போனேன்.

வீடியோவை முதலில் ஊர் குரூப்புக்கு அனுப்பியவர் யார் என்று எனக்குத் தெரியும். பெயர் போடப்போவதில்லை. அவருடைய மகன் என் வகுப்பில்தான் இருக்கிறான். சிங்களத்தில் வாய் திறக்கப் பயம் அவனுக்கு. போன தவணை முழுவதும் ஒரு சின்னத் துண்டில் நாலு வசனம் எழுதிக் கையில் வைத்துக்கொண்டு பேசினான். இந்தத் தவணை துண்டு சட்டைப் பையில் இருக்கிறது, வெளியே எடுப்பதில்லை. நான் அதை வீடியோ எடுக்கவில்லை.

நேற்றுப் பின்னேரம் எங்கள் வீட்டு விறாந்தையில், மெழுகு போட்ட சிவப்புச் சீமெந்தில், காலுக்குத் தடித்த மேஸ் போட்டு, அரைச்சுவரில் விரலை வைத்துக்கொண்டு என் மருமகள் எனக்கு மூன்று திருப்பம் சொல்லித்தந்தாள். நான் மூன்று தரமும் சுவரை அப்பிப் பிடித்தேன். நாலாம் தரம் விழுந்தேன். அவள் சிரித்தாள். "பெரியம்மா, முழங்கால மடிக்கல" என்றாள். பிறகு ஒரு சாண் தள்ளி நின்று அவளே செய்து காட்டினாள்.

அவர்கள் வெள்ளிக்கிழமை இரவு கட்டுநாயக்காவுக்குப் போகிறார்கள். ஃபோனில் அந்த வீடியோ உள்ளவர்கள் அதற்கு முன் அழித்துவிடுங்கள். குரூப் அட்மின்மாரும் தயவுசெய்து அழித்துவிடுங்கள். அழித்தவர்கள் இங்கே கீழே ஒரு வார்த்தை போடுங்கள். அவளுக்குக் காட்ட வேண்டும்.